ஏபிஐயில் தொலைபேசி எண்: நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

இழையைத் தொடங்கியவர், சென்னை

ஒரு மருத்துவமனைக்கு முன்பதிவு ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு தகவல் பரிமாறும் வாயில்) எழுதிக் கொடுத்தோம். நோயாளியின் தொலைபேசிக்கு ஒரே ஒரு புலம், அதாவது தகவலை நிரப்பும் ஓர் இடம். அதன் வகை முழு எண். குறுஞ்செய்தி அனுப்பும் இடத்தில் நான் எழுதிய நிபந்தனையும் ஒன்றுதான்: பத்து இலக்கம் இருந்து, 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் முன்னால் +91 சேர், மற்றபடி நாட்டுக் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது என்று கொண்டு + மட்டும் சேர். வெளிநாட்டு நோயாளிகளும் வருவார்கள் என்று யோசித்துத்தான் அப்படி எழுதினேன். சோதனையில் எல்லோரும் சொந்தச் செல்பேசி எண்ணையே போட்டுப் பார்த்தோம், எல்லாம் சரியாகப் போனது.

இரண்டாவது வாரம் ஒரு பெரியவர் தாம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து காத்திருந்தார். அன்று மருத்துவர் வரவில்லை. “ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் இந்த வெயிலில் வந்திருக்க மாட்டேனே, தம்பி” என்றார். நான் அப்போது வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் கொடுத்திருந்தது 044 என்று தொடங்கும் வீட்டு எண். முழு எண்ணாகச் சேமித்ததில் முதல் பூஜ்யம் போய்விட்டது. மிச்சம் 44 என்று தொடங்கும் எண். என் நிபந்தனை அதற்கு முன்னால் + போட்டது. +44 பிரிட்டனின் நாட்டுக் குறியீடு. சேவை நிறுவனம் அதைத் தவறான எண் என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்தப் பதிவை நாங்கள் யாருமே திறந்து பார்க்கவில்லை. ஒழுங்காக +91 போட்டிருந்தாலும் லேண்ட்லைனுக்குக் குறுஞ்செய்தி போயிருக்காது, அழைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். எண்ணின் வகையைக் குறித்துக்கொள்ள எங்களிடம் இடமே இல்லை.

அதன்பிறகு அந்த ஒரே புலத்தைப் பல உட்புலங்கள் கொண்ட ஒரு தொகுப்பாகப் பிரித்தோம். நோயாளி எழுதிக் கொடுத்தது எழுத்து மாறாமல் ஒரு சரம், அதாவது கணக்குப் போடாத வெறும் எழுத்து வரிசை. தொலைபேசி எண்களுக்கான சர்வதேசத் தரமான இ.164 வடிவில் ஒரு சரம்: + குறி, நாட்டுக் குறியீடு, உள்நாட்டு எண், மொத்தம் அதிகபட்சம் 15 இலக்கம். நாடு தனியாக, ஏனென்றால் +1 என்பதை அமெரிக்காவும் கனடாவும் கரீபியன் நாடுகள் பலவும் பகிர்ந்துகொள்கின்றன. +7 ரஷ்யாவுக்கும் கஜகஸ்தானுக்கும் பொது. அலுவலக நீட்டிப்பு எண்ணும் தனியாக, அதற்கு இ.164 வடிவில் இடமில்லை. பிறகு செல்பேசியா லேண்ட்லைனா என்ற வகை, சரிபார்த்த தேதி. தொலைபேசி எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, அது ஒரு முகவரி. இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

திருப்பூரிலிருந்து ஒருவர்

எங்களுக்கு வந்த சிக்கல் இதற்கு நேர் எதிர். பின்னலாடை வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்களின் தொடர்பு விவரங்களை வைத்திருந்தோம். நாட்டுக் குறியீடு போட்டால் உள்நாட்டுப் பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும் என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். 044 இப்படித்தான் +91 44 ஆகிறது. நிரலிலும் அதையே எல்லா நாட்டுக்கும் எழுதிவிட்டோம். ஆனால் இத்தாலியில் பூஜ்யம் எண்ணிலேயே சேர்ந்தது. ரோம் நகர லேண்ட்லைனுக்கு +39 06 என்றுதான் போக வேண்டும். அங்கே செல்பேசி எண்கள் 3 என்று தொடங்குவதால் அவை மட்டும் ஒழுங்காக வேலை செய்தன. பாதி எண்கள் போய்க்கொண்டிருந்ததால், தவறு எங்களுடையது என்று தெரிய மாதக்கணக்கானது.

பிறகு தொலைபேசி எண்களைக் கையாள கூகுள் எழுதி வைத்திருக்கும் லிப்போன்நம்பர் என்ற நிரல் நூலகத்துக்கு மாறினோம். அதுவும் உள்ளே உள்நாட்டு எண்ணை முழு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. அதனாலேயே ‘இத்தாலிய முன் பூஜ்யம்’ என்று பெயரிட்டுத் தனிப் புலம் ஒன்றை வைக்க வேண்டியிருந்திருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும், இதே வலியை நமக்கு முன்பே யாரோ பட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

மதுரையிலிருந்து ஒருவர்

ஏபிஐ சரியாக இருந்தும் மாட்டிக்கொண்டேன். வாடிக்கையாளர் பட்டியலை எக்செலில் திறந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்து அனுப்பினார்கள். 91 சேர்ந்த பன்னிரண்டு இலக்க எண்கள் எல்லாம் 9.19841E+11 என்று, பெரிய எண்ணைச் சுருக்கி எழுதும் வடிவில் வந்தன. பின்பாதி இலக்கங்கள் போனது போனதுதான். இப்போது + குறியோடு தொடங்காத எதையும் எங்கள் ஏபிஐ ஏற்பதில்லை, பிழைச் செய்தியோடு திருப்பிவிடுகிறது.

சென்னை நண்பரே, பழைய பதிவுகளை எப்படிச் சரிசெய்தீர்கள்?

இழையைத் தொடங்கியவர்

சென்னை எண்கள் சுலபம். 44 என்று தொடங்கிப் பத்து இலக்கம் இருந்தால் அது சென்னை லேண்ட்லைன். பிரிட்டன் எண் குறியீட்டோடு பெரும்பாலும் 12 இலக்கம் வரும், நீளத்தை வைத்தே பிரித்துவிட்டோம்.

சிங்கப்பூரில்தான் அடிபட்டோம். அங்கே நாட்டுக் குறியீடு 65, உள்நாட்டு எண் எட்டு இலக்கம். இரண்டும் சேர்ந்தால் பத்து, தொடக்கம் 6. என் நிபந்தனைக்கு அது இந்தியச் செல்பேசி எண்! முன்னால் +91 போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் நோயாளியின் பரிசோதனை நேரம் இங்கே முன்பின் தெரியாத யாருக்காவது போயிருக்கலாம். அவர்கள் எழுதிக் கொடுத்த மூல வடிவமும் இல்லை, நாடும் இல்லை. 65 என்று தொடங்கும் பதிவைப் பார்த்து எந்த ஊர் எண் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வரவேற்பில் இருந்த மூன்று பேர் பழைய காகிதப் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு, முகவரியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டார்கள். நானும் இரண்டு நாள் அவர்களோடு உட்கார்ந்து அழைத்தேன்.