8 ஜிபி ரேமில் எமுலேட்டர் உறைகிறது, பாடத்தில் உள்ள நிரலும் ஓடவில்லை: வெப்பில் தொடங்குவதா, மொபைலிலா?

கேள்வி

வணக்கம். நிரலாக்கம் புதிதாகக் கற்கிறேன். வீட்டு வரவு செலவு எழுதி வைக்க ஒரு சின்ன ஆப் செய்ய ஆசை. கணினி பிரவுசரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் அது ஓட வேண்டும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபங்ஷன், லூப் வரை வந்திருக்கிறேன்.

விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம். ஃபிளட்டர் (ஒரே நிரலில் பல கருவிகளுக்கு ஆப் செய்ய உதவும் கூகுள் கருவி) பற்றிய ஒரு வீடியோ பாடத்தைப் பார்த்து ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நிறுவினேன். எமுலேட்டரைத் திறந்தால் லேப்டாப் அப்படியே உறைந்துவிடுகிறது, மவுஸ்கூட நகர்வதில்லை. அது போக, வீடியோவில் உள்ளதை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்தும் 'ஃபிளாட்பட்டன்' என்ற இடத்தில் சிவப்புக் கோடு விழுகிறது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது.

ரேம் கூட்ட வேண்டுமா? ஃபிளட்டரை விட்டுவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட்டில் மொபைல் ஆப் செய்யும் ரியாக்ட் நேட்டிவ், ஆண்ட்ராய்டு ஆப்களுக்கான கோட்லின் மொழி என்று போகலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை, எங்கே படிப்பது என்று வழி சொல்லுங்கள்.

பதில் 1

முதலில் சிவப்புக் கோடு. நீங்கள் அடித்ததில் தப்பில்லை, வீடியோதான் பழையது. ஃபிளாட்பட்டன், ரெய்ஸ்டுபட்டன் இரண்டையும் ஃபிளட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது டெக்ஸ்ட்பட்டன், எலிவேட்டட்பட்டன். பெயரை மாற்றினால் அந்தக் கோடு போய்விடும், ஆனால் அடுத்த கோடு வரும். ஃபிளட்டருக்கான மொழி டார்ட். 2023இல் டார்ட் 3 வந்ததிலிருந்து நல் சேஃப்டி (மதிப்பு இல்லாத மாறிகளால் வரும் பிழைகளை முன்பே தடுக்கும் விதி) கட்டாயம். அதற்கு முந்தைய பாணியில் எழுதிய நிரல்கள் நிறைய இடங்களில் முட்டும். பழைய பாடத்தை ஒட்டுப்போட்டு ஓட்டுவது தொடக்கநிலையில் பெரிய வேதனை. தவறு உங்களிடமா பாடத்திலா என்றே தெரியாமல் திணறுவீர்கள். அந்த வீடியோவை விட்டுவிடுங்கள்.

அடுத்து எமுலேட்டர். அது ஒரு முழு ஆண்ட்ராய்டு போனையே உங்கள் கணினிக்குள் ஓட்டுகிறது. விண்டோஸ், பிரவுசர், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எல்லாம் ஏற்கெனவே நினைவகத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு அதற்கு 8 ஜிபியில் இடம் எங்கே? ரேம் வாங்க அவசரப்படாதீர்கள். கையில்தான் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதே, அதிலேயே ஓட்டலாம்.

போனின் அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குப் போய் 'பில்ட் எண்' மீது 7 முறை தட்டுங்கள். சில போன்களில் இது இன்னும் ஒரு படி உள்ளே இருக்கும். டெவலப்பர் அமைப்புகள் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் இணையுங்கள். இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்கும், அனுமதி கொடுங்கள். பிறகு டெர்மினலில் 'ஃபிளட்டர் டிவைசஸ்' கட்டளையைக் கொடுத்தால் உங்கள் போன் பட்டியலில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, அவற்றில் தரவு போகாது.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நீக்க வேண்டாம், ஆண்ட்ராய்டு ஆப் உருவாக்கத் தேவையான கருவித் தொகுப்பான எஸ்டிகே அதனுடன்தான் வந்தது. ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கத் தேவையில்லை. விஎஸ் கோட் எடிட்டரில் ஃபிளட்டர் நீட்சியைச் சேர்த்து அதில் எழுதுங்கள். ஏதாவது குறைகிறதா என்று 'ஃபிளட்டர் டாக்டர்' கட்டளை சொல்லிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி! கேபிளை மாற்றியதும் போன் பட்டியலில் வந்துவிட்டது. புது ப்ராஜெக்ட்டில் வரும் மாதிரி ஆப் போனில் ஓடுகிறது, லேப்டாப்பும் திணறவில்லை. சரி, இனி ஃபிளட்டரிலேயே தொடரட்டுமா?

பதில் 2

என்னைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம். ஃபிளட்டர் நல்ல கருவி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உங்களுக்குப் பாதி வெப் ஏற்கெனவே தெரியும். இந்த நேரத்தில் டார்ட் மொழி, விட்ஜெட் அமைப்பு (திரையைப் பாகம் பாகமாக அடுக்கும் முறை), எஸ்டிகே என்று மூன்று புதிய சுமைகளை ஏன் ஏற்றிக்கொள்ள வேண்டும்? நீங்கள் செய்ய நினைப்பது வரவு செலவுக் கணக்கு. ஒரு படிவம், ஒரு பட்டியல், ஒரு கூட்டுத்தொகை. இதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டும் பிரவுசரிலேயே தரவைச் சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜும் போதும்.

அதைச் செய்து முடித்ததும் வெப் பக்கங்களை வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றுங்கள், இலவசம். பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரியும் கிடைக்கும். ஆப்பின் பெயர் முதலிய விவரங்களைச் சொல்லும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பும் ஐகான்களும் சேர்த்தால் அந்தப் பக்கத்தையே போனில் ஆப் போல நிறுவலாம். இணையம் இல்லாதபோதும் திறக்க வேண்டுமானால் பக்கத்தைச் சேமித்து வைத்துத் தரும் சர்வீஸ் வொர்க்கர் என்ற பின்னணி நிரலை எழுத வேண்டும், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். லோக்கல் ஸ்டோரேஜ் அந்தந்தக் கருவியின் பிரவுசருக்குள் மட்டுமே இருக்கும். கணினியில் எழுதிய செலவு போனில் தெரியாது. பிரவுசர் தரவை அழித்தால் கணக்கும் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் ஜேசன் (உரை வடிவில் தரவு எழுதும் முறை) கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் வையுங்கள். இரண்டு கருவியிலும் ஒரே கணக்கு தெரிய வேண்டுமென்றால் சர்வரும் டேட்டாபேஸும் தேவை. அது அடுத்த கட்டம், ஆனால் அங்கே போகும்போது எதற்காகப் படிக்கிறோம் என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரியும்.

பதில் 3

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு விதிவிலக்கு. ஆண்ட்ராய்டு டெவலப்பராக வேலைக்குப் போவதுதான் இலக்கு என்றால் நேராகக் கோட்லின் படிப்பதில் தவறே இல்லை. கூகுள் 2017இல் அதற்கு ஆதரவு அறிவித்து, 2019இல் ஆண்ட்ராய்டுக்கு முதல் மொழியாகவே ஆக்கியது. தொடக்கநிலைக்கு இலவசப் பாடத்தையும் தருகிறார்கள். ஐபோன் பக்கம் போக நினைத்தால் ஐபோன் ஆப் செய்யும் எக்ஸ்கோட் மென்பொருள் மேக்கில் மட்டும்தான் ஓடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ரியாக்ட் நேட்டிவை இப்போது தொட வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டும், திரை அமைக்க உதவும் அதன் நூலகமான ரியாக்ட்டும் கைக்கு வந்த பிறகு அது எளிதாகவே வரும்.

பதில் 4

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரீகோட்கேம்ப் 2014 முதல் இருக்கும் லாப நோக்கற்ற அமைப்பு. அங்கே பிரவுசரிலேயே பயிற்சி செய்யலாம், எதையும் நிறுவ வேண்டாம். ஓடின் பிராஜெக்ட் இன்னொன்று, அதுவும் இலவசம். ஆனால் அங்கே முதலிலேயே சொந்தக் கணினியில் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி), டெர்மினல் எல்லாம் பழக வைப்பார்கள். கையைப் பிடித்து நடத்த வேண்டுமென்றால் முன்னது, மல்லுக்கட்டிக் கற்க விரும்பினால் பின்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டாம். ஐயம் வந்தால் பார்க்க எம்டிஎன் என்ற வெப் ஆவணத் தளம். தமிழில் இல்லை, ஆனால் ஆங்கிலம் எளிமையாக இருக்கும். கருத்து புரியவில்லை என்றால் தமிழ் வீடியோ பாருங்கள், அது மிகவும் உதவும். புரிந்ததும் எம்டிஎன்னுக்குத் திரும்பி அதே தலைப்பைப் படியுங்கள்.

எந்தப் பாடத்தைத் தொடும் முன்பும் அதன் தேதியையும், பயன்படுத்தும் பதிப்பையும் பாருங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ரியாக்ட் பாடம் 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்று தொடங்கினால் அது பழையது. புதிய ஆப்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025இல் அறிவித்துவிட்டது. இப்போது பெரும்பாலும் வீட் (Vite) என்ற கருவி கொண்டு தொடங்குகிறார்கள்.

பாடம் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று அறிய, ஒரு பகுதி முடிந்ததும் வீடியோவை மூடிவிட்டு அதையே வெற்றுக் கோப்பில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் அப்படித்தான். பிழைச்செய்தியை ஒட்டி 'இதற்கு என்ன பொருள்?' என்று கேளுங்கள். 'எழுதிக் கொடு' என்று கேட்பதைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

கருவிகளுக்கு இவ்வளவுதான்: விஎஸ் கோட், கிட், எஃப்12 அடித்தால் திறக்கும் டெவலப்பர் கருவிகள். அவற்றில் உள்ள கன்சோலில் வரும் சிவப்பு வரிகளைப் படிக்கப் பழகுங்கள், அதற்கு ஈடான ஆசிரியர் இல்லை.

கேட்டவர்

வெப்பிலேயே தொடங்கி ஃப்ரீகோட்கேம்ப்புடன் நகர்கிறேன். படிவமும் பட்டியலும் வேலை செய்கின்றன! ஆனால் ஒரு விசித்திரம். செலவின் விவரத்தை 20 எழுத்துக்குள் கட்டுப்படுத்த நினைத்து சொல்லின் நீளம் சொல்லும் லெங்த் பார்த்தேன். 'தமிழ்' என்று அடித்தால் 5 என்கிறது. மூன்று எழுத்துதானே?

பதில் 1

லெங்த் நாம் எண்ணுகிற மாதிரி எண்ணுவதில்லை. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஒவ்வொன்றும் தனிக் குறியீடு. ஆக 5. இன்புட்டில் எழுத்து வரம்பாக மேக்ஸ்லெங்த் கொடுத்தாலும் இதே கணக்குதான், அதனால் தமிழில் எழுதுபவருக்கு இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இன்டில் செக்மென்டர்' என்று ஒன்று இருக்கிறது. மொழியைத் தமிழ் என்றும் கிரானுலாரிட்டியை (எந்த அளவில் பிரிப்பது என்பதை) கிராஃபீம் (நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது) என்றும் கொடுத்துச் சொல்லைப் பிரித்தால் த, மி, ழ் என மூன்றாக வரும், அதை எண்ணிக்கொள்ளுங்கள். முக்கிய பிரவுசர்களின் இப்போதைய பதிப்புகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பின்னாளில் ஃபிளட்டருக்கு வந்தால் அங்கே கேரக்டர்ஸ் பேக்கேஜ் இதே வேலையைச் செய்யும்.