திங்கட்கிழமை யார் துணைக்குப் போவது?

வசந்தா: தினேஷின் பையைத் துவைக்க எடுத்தேன். ஊசி, சலைன் பாட்டில், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. டேபென்டடால் என்று போட்டிருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மணி: என்ன மாத்திரை அது?

கவிதா: அண்ணி, அவனை அடிக்காதீர்கள், பூட்டி வைக்காதீர்கள். கடும் வலிக்கு மருத்துவர் சீட்டோடு கொடுக்கிற மாத்திரை அது. அபின் வகையைச் சேர்ந்தது. விழுங்க வேண்டியதை நுணுக்கிச் சலைனில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் உள்ள மாவு கரையாது, இரத்தக் குழாயை அடைத்துவிடும். கை அழுகிப்போய் வந்த பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரே ஊசியை நாலு பேர் போட்டால் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. தொற்றும். அளவு மீறினால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும்.

ஆறுமுகம்: நாளை காதுகுத்து. இதை இங்கே எழுத வேண்டுமா? சாந்தியின் மருமகனும் குழுவில் இருக்கிறார்.

சாந்தி: படித்துக்கொள்ளட்டும். செல்வம் குடித்ததையும் இப்படித்தான் மூடி மூடி வைத்தோம் அண்ணா.

ஆறுமுகம்: பழையதைக் கிளறாதே.

மணி: வேன் 20 பேருக்குத்தான். இப்போதே 23 ஆகிவிட்டது.

ரேவதி: பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது?

மணி: அதைக் கேட்டால் இன்னொரு பாகப்பிரிவினை வரும் 😄

வசந்தா: காலையிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, உடம்பெல்லாம் வலி என்று சுருண்டு கிடக்கிறான். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறான்.

கவிதா: மாத்திரை கிடைக்காத வேதனை அண்ணி. தண்ணீர் குடிக்க வையுங்கள். எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சு மந்தமானாலோ உடனே 108. மற்றபடி திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு. போதை மீட்பு உதவி எண் 14446க்கும் பேசலாம், கட்டணம் கிடையாது.

ரேவதி: போலீஸ் கேஸ் ஆகிவிடாதா அக்கா?

கவிதா: சிகிச்சைக்கு வருகிறவனை யாரும் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள். போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்து மாட்டியவர்கூட, தானாக வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு. விற்கிறவனுக்குக் கிடையாது.

ஆறுமுகம்: நம் குடும்பத்துக்கு இது தேவையா?

கவிதா: 2019இல் எய்ம்ஸ் கணக்கெடுப்பில், நாட்டில் 2.26 கோடிப் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது அண்ணா. இது நோய். பத்து நாள் வைத்து அனுப்பினால் தீர்ந்துவிடாது. நிறுத்தியபின் உடம்பு தாங்கும் அளவு குறைந்துவிடும், அப்போது பழைய அளவை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. மாதக்கணக்கில் யாராவது கூட நிற்க வேண்டும். அண்ணி ஒருத்தியால் முடியாது.

சாந்தி: நான் வருகிறேன். ஆனால் அண்ணா, பெரியப்பா நீங்கள் சொன்னால்தான் அவன் கேட்பான்.

மணி: 👍

ரேவதி: ஆட்டுக்கு முன்பணம்?

மணி: கொடுத்தாயிற்று.

ஆறுமுகம்: ஆஸ்பத்திரியில் சீட்டு எத்தனை மணிக்குப் போட வேண்டும்?

கவிதா: ஏழரைக்கே வரிசையில் நிற்க வேண்டும். வருகிறீர்களா அண்ணா?

ஆறுமுகம்: பார்க்கிறேன். வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கிறது.

மணி: அண்ணி, நாளை வேனில் தினேஷுக்கு ஓர் இடம் போடவா?

வசந்தா: அவன் எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.