டொக்டர் மட்டும்தானா? தரம் 10, 11 பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

முகத்துவாரத்தான்:
வணக்கம். கொழும்பில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் சுகாதாரத்துறை வேலைகளை அறிமுகப்படுத்த நினைக்கிறோம். நாற்பது பேர் வரலாம். போன வருடம் ஒரு பாடசாலையில் இதே மாதிரி நிகழ்வுக்குப் போயிருந்தேன். ஒரு டொக்டர் ஒரு மணித்தியாலம் பேசினார். உயர்தரத்தில் மூன்று ஏ எடுப்பது பற்றியே பேச்சு. நல்ல மனிதர்தான். ஆனால் பின்வரிசைப் பிள்ளைகள் பாதியிலேயே தலையைக் குனிந்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளில் அநேகர் அந்தப் பின்வரிசைதான். யாரைக் கூப்பிடலாம்?

ஆய்வுகூட அக்கா:
தம்பி, மேடையும் மைக்கும் வேண்டாம், மேசைகளைப் போடுங்கள். நான் இருபத்திரண்டு வருடமாகக் கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இருக்கிறேன். இப்படியொரு வேலை இருப்பதே பதினைந்து வயதில்தான் எனக்குத் தெரிந்தது. கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம். அப்பாவோடு போயிருந்தேன். அவர் விரலில் குத்தி எடுத்த துளியை நீலநிறத் தண்ணீர்க் குப்பிக்குள் விட்டார்கள். துளி கீழே போனது. "சரி, ஐயா கொடுக்கலாம்" என்றார் அங்கிருந்த அண்ணா. துளி தாழ்ந்தால் ஏன் கொடுக்கலாம் என்று கேட்டேன். அவ்வளவு சனத்துக்குள்ளும் நின்று சொன்னார்: அது செப்புச் சல்பேற்றுக் கரைசல், சாரடர்த்தி 1.053. ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.5 கிராமாவது இருந்தால் இரத்தம் அதைவிடப் பாரம், தாழும். குறைந்தால் தாழாது. அடர்த்தி என்று புத்தகத்தில் பாடமாக்கியது எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் எனக்குத் தந்தது ஐந்து நிமிடம்கூட இல்லை.

உங்கள் நிகழ்வில் பிள்ளைகளிடம் இரத்தம் எடுக்க வேண்டாம், ஊசிப் பக்கமே போகாதீர்கள். நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோல் போதும். இன்னொரு மேசையில் பொம்மை வைத்து நெஞ்சை அழுத்தப் பழக்கலாம்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம். இரண்டு நிமிடத்தில் பிள்ளைக்கு வியர்த்துவிடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியில் வருகிறவர்கள் யார், எங்கே பயிற்சி என்ற கேள்வி அப்போது தானாக வரும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். நெஞ்சு "எரியுது", "அடைக்குது", "குத்துது" என்று ஓர் ஆச்சி சொன்னால் மூன்றும் மூன்று விதம். அதை விளங்கிக்கொள்ள, தமிழ் தெரியாத ஊழியர்கள் வார்ட்டில் மொழிபெயர்க்கப் பக்கத்துக் கட்டில்காரரைத் தேடுவதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். பேச்சுச் சிகிச்சையில் இன்னும் கஷ்டம். தமிழ் மட்டும் கேட்டு வளரும் மூன்று வயதுப் பிள்ளையை வேறு மொழியில் பேசப் பழக்க முடியுமா? களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் தமிழும் அங்கே ஒரு தகைமைதான்.

வெள்ளவத்தை அம்மா:
பெற்றோரையும் கூப்பிடுங்கள், தம்பி. என் மகள் தாதியாகப் போகிறேன் என்றபோது மறித்தது நான்தான். இரவு வேலை, சொந்தக்காரர் கதை என்று பயம். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாதி வீட்டுக்கு வந்து தன் ரோஸ்டரைக் காட்டி, அரச தாதியர் பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு என்று விளக்கிய பிறகுதான் மனம் மாறினேன். மகள் இப்போது பிள்ளைகள் வார்ட்டில் வேலை செய்கிறாள்.

முகத்துவாரத்தான்:
நன்றி அக்கா, நன்றி அம்மா. உயர்தரத்தில் உயிரியல் எடுக்க முடியாத பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஆய்வுகூட அக்கா:
உண்மையைச் சொல்லுங்கள். என் துறையில் பட்டம் படிக்கப் பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்கள் உண்டு. அதற்கு உயிரியல் பிரிவும் நல்ல இசட் புள்ளியும் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) வேண்டும். தாதியர் பயிற்சிக்கு என்ன கேட்கிறார்கள் என்பது வர்த்தமானியில் வரும். கடைசியாக வந்ததை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். முதியோர், நோயாளர் பராமரிப்புக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டப் பயிற்சி இருக்கிறது. அதை வீட்டு வேலை மாதிரிச் சொல்லிவிடாதீர்கள், படுக்கையில் இருப்பவருக்குப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது பழகவேண்டிய கைத்திறன்.

சனிக்கிழமை எனக்கு ஒரு மணிக்கு வேலை முடியும், மூன்று மணிக்குக் கொட்டாஞ்சேனையில் நிற்பேன். நுணுக்குக்காட்டியும் அயடீனும் நான் கொண்டுவருகிறேன், வெங்காயம் மட்டும் வாங்கி வையுங்கள்.