ரசியாவின் ஆட்சியைவிட யாகூத்தின் கதை நிலைத்தது ஏன்?

கேள்வி:
1236 முதல் 1240 வரை தில்லியை ஆண்ட ரசியா சுல்தானாவைப் பற்றிப் படித்துவருகிறேன். தம் பெயரில் நாணயம் வெளியிட்டு, திரையை நீக்கி அரசவையில் அமர்ந்து, யானை மீதேறி மக்கள் முன் வந்த ஓர் அரசியைப் பலரும் அபிசீனியரான (இன்றைய எத்தியோப்பியப் பகுதியைச் சேர்ந்த) யாகூத்தோடு இணைத்துச் சொல்லப்படும் காதல் கதையால் மட்டுமே அறிந்திருக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அவருடைய ஆட்சி ஏன் பின்னுக்குத் தள்ளப்பட்டது?

பதில் 1:
யாகூத்துக்கு அவர் அளித்தது குதிரை லாயத் தலைமை என்னும் உயர்பதவி. துருக்கியப் பிரபுக்கள் கொதித்ததற்கு, தங்கள் குழுவுக்கு வெளியே இருந்த ஒருவர் அரசியின் நம்பிக்கையைப் பெற்றதே போதிய காரணம். அதிகாரப் போட்டியாக இருந்த இதைப் பிற்காலத்தார் காதலாக வளர்த்தெடுத்தார்கள். அரசியின் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் மின்ஹாஜ், அரசருக்குரிய குணங்கள் யாவும் ரசியாவிடம் இருந்தன என்று வரிசையாக எழுதிவிட்டு, ஆணாகப் பிறவாததால் அவற்றால் என்ன பயன் என்று முடிக்கிறார். காதல் கதையைவிட இந்த வரிதான் எனக்குக் கொடியதாகப் படுகிறது.

பதில் 2:
வாரங்கலில் ஆண்ட காகதிய அரசி ருத்ரமாதேவியையும் சேர்த்துப் பாருங்கள். கணபதிதேவரின் மகளான அவரைக் கல்வெட்டுகள் ‘ருத்ரதேவ மகாராஜா’ என்று ஆண் பெயரால் குறிக்கின்றன. அவருடைய நீதியைப் புகழ்ந்த மார்க்கோ போலோவோ, அவரை முந்தைய அரசரின் கைம்பெண் என்று தவறாக எழுதிவிட்டார். எனினும் அவருடைய மறைவைச் சொல்லும் சந்துபட்லா கல்வெட்டு, 1289ஆம் ஆண்டைச் சேர்ந்தது, நமக்குக் கிடைத்திருப்பதால் கதைகளைச் சரிபார்க்க வழி இருக்கிறது.

பதில் 3:
அரியணையில் அமராதவர்களையும் விட்டுவிடக் கூடாது. கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியார், கணவர் மறைந்த பின் பல்லாண்டுகள் வாழ்ந்து, பழைய செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, எடுப்பித்தவர். அத்தனை பொருளையும் ஆளையும் திரட்டி நடத்தியது அதிகாரம் அல்லாமல் வேறென்ன? ஆயினும் கல்வெட்டுகள் அவரை உத்தம சோழரைத் ‘திருவயிறு வாய்த்த’ (பெற்றெடுத்த) பிராட்டியார் என்றே அறிமுகம் செய்கின்றன. கோனேரிராஜபுரத்தில் அவர் கட்டிய கோயிலின் சுவரில், லிங்கத்தை வழிபடும் கண்டராதித்தரின் சிற்பம் இருக்கிறது. கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்தவர் மாதேவியார் என்பதை அதன் கீழுள்ள எழுத்துகளைப் படித்தால்தான் அறிய முடியும்.