மறு: கலைச்சொல் – 'ஜியோஎத்திக்ஸ்': புவியறவியலா, புவியறமா?

வணக்கம் நண்பர்களே.

'ஜியோஎத்திக்ஸ்' (geoethics) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: புவியறவியல், நில அறம், புவி நெறிமுறை. சொல்லைத் தேர்வதற்கு முன் பொருளை உறுதிசெய்துகொள்வோம். இது சுற்றுச்சூழல் அறவியலுக்கு இன்னொரு பெயர் அன்று. நிலத்தைத் துளைப்பவர், கனிம இருப்பை மதிப்பிடுபவர், நிலநடுக்க இடர் பற்றி மக்களுக்குச் சொல்பவர் ஆகியோர்க்கு அவர்களது அறிவினாலேயே வந்து சேரும் கடமை பற்றியது. இதற்கென ஒரு பன்னாட்டுச் சங்கம் 2012இல் தொடங்கியது. 2016இல் இத்துறையின் கொள்கைகளைச் சொல்லும் கேப் டவுன் அறிக்கை வந்தது.

கடமை எங்கே தவறும் என்பதற்கு லாக்விலா போதும். இத்தாலியின் அந்நகரில் 2009 ஏப்ரல் 6 நிலநடுக்கத்தில் 309 பேர் இறந்தனர். முன்னதாக மாதக்கணக்கில் சிற்றதிர்வுகள் இருந்தன. ஆற்றல் சிறுகச் சிறுக வெளியேறுகிறது, அது நல்லதுதான் என்ற ஆறுதல் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. கணக்கு அப்படியில்லை. நிலநடுக்க அளவு (மேக்னிட்யூட்) ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். அளவு 6 அதிர்வின் ஆற்றலைத் தீர்க்க அளவு 3 அதிர்வுகள் 30,000-க்கு மேல் வேண்டும். இடரை மக்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்ற வழக்கில் 2012இல் ஆறு அறிவியலாளரும் ஓர் அதிகாரியும் தண்டிக்கப்பட்டனர். 2014இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர் அறுவரும் விடுதலையாயினர். ஆனால் உறுதியில்லாததை உறுதியில்லை என்று மக்களுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது என்ற கேள்வியைத் தீர்ப்பு தீர்த்துவைக்கவில்லை. நமது சொல் அந்தக் கேள்வியைத் தாங்க வேண்டும்.

ஆகவே 'நில அறம்' பொருந்தாது. நிலம் என்றதும் மண்ணும் உடைமையும் முன்னால் வந்துவிடும். நிலத்தடி நீர், எரிமலை, கடலடிப் பாறை பின்னுக்குப் போகும். 'நிலவறம்' என்று புணர்த்தாலோ நிலவறை என்று வாசிப்பார்கள்.

—

> புவியறவியல் எளிமையாகத்தானே இருக்கிறது?

சொல்லாக எளிமைதான், ஐயா, அச்சில் ஆபத்து. புவியறிவியல், புவியறவியல் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். வேறுபாடு ஒரே ஒரு இகரக் குறி. இரண்டும் ஒரே பாடநூலில், பல இடங்களில் ஒரே வரியில் வரப்போகிறவை. மெய்ப்புத் திருத்துபவர் ஒன்றை மற்றொன்றின் பிழை என்று நினைத்து 'திருத்துவார்'. எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருளும் அக்குறியைத் தவறவிடும். 'இயல்' ஒட்டு இல்லாத 'புவியறம்' இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது.

'நெறிமுறை' என்பதைச் செயல்விதிகளுக்கு ஒதுக்குவோம். தொல்காந்த ஆய்வுக்கு, அதாவது பாறையில் பதிந்துள்ள பழைய புவிக்காந்தத் தடத்தை ஆராய்வதற்கு, பாறையில் சுமார் 2.5 செ.மீ. விட்டமுள்ள துளை இடுவார்கள். பலரும் பார்க்கும் பாறை முகப்பில் இடாமல் மறைவான பக்கத்தில் இடுவது, மாதிரி எடுத்தபின் துளையை அடைப்பது, ஏற்கெனவே எடுத்த மாதிரி கிடைத்தால் புதிதாகத் துளைக்காமலிருப்பது இவை நெறிமுறைகள். ஏன் அப்படி என்று கேட்பது புவியறம்.

—

'புவியறம்' என்ற சொல்லுக்கு இரண்டு தடைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, அறம் என்றால் கொடை என்ற பொருளும் உண்டு; அறக்கட்டளை, அறநிலையம் என்கிறோம். ஆனால் 'மருத்துவ அறம்', 'இதழியல் அறம்' என்னும்போது யாரும் நன்கொடை என்று எண்ணுவதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது கடுமையானது. அடையாகும்போது 'புவியற' என்று குறுக்கினால், 'ஐயமற', 'குறைவற' போல 'புவி இல்லாமல்' என்று பொருள் தரும். 'புவியற உறுதிமொழி' என்று எழுதவே கூடாது. 'புவியறம்சார் உறுதிமொழி' அல்லது 'புவியறத்தின் உறுதிமொழி' என்க. ஆய்பவர் 'புவியற ஆய்வாளர்' அன்று, 'புவியறம் ஆய்பவர்'. நீளம்தான், பொருள் தலைகீழாவதைவிட நீளம் மேல்.

எடுத்துக்காட்டு வாக்கியமும் கலைச்சொல் பதிவில் வேண்டும். தென்கொரியாவின் போஹாங்கில் புவிவெப்ப மின்திட்டத்துக்காக ஆழ்துளையில் நீரைச் செலுத்தினர். 2017 ஏப்ரலில் அளவு 3-ஐத் தாண்டிய அதிர்வு வந்தபின்னும் செலுத்துவது தொடர்ந்தது. நவம்பர் 15இல் 5.5 அளவில் நிலநடுக்கம். அத்திட்டமே அதைத் தூண்டியது என 2019இல் அரசு அமைத்த ஆய்வுக்குழு கூறியது. எனவே: "அதிர்வு எந்த அளவை எட்டினால் நீர் செலுத்துவதை நிறுத்துவது என்று முன்கூட்டியே அறிவித்து, எட்டியதும் நிறுத்துவது புவியறம்."

இத்துறையில் வரும் 'டைலமா' என்ற சொல்லுக்குத் தமிழ் காண்பது மட்டும் மீதமிருக்கிறது. தொல்லுயிர் எச்சம் கிடைத்த இடத்தின் ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை) வெளியிட்டால்தான் பிறர் சரிபார்க்க முடியும். வெளியிட்டால் திருடர்களும் வருவார்கள். அருங்காட்சியகப் பதிவில் வைத்து, கேட்கும் ஆய்வாளருக்கு மட்டும் தருவது ஒரு நடுவழி. இதற்கு 'சிக்கல்' போதாது, இரண்டு பக்கமும் இழப்பு என்பது தெரிய வேண்டும். 'இருதலை இக்கட்டு' என்று முன்மொழிகிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.