அலர்ஜி மாத்திரையால் கண் உலருமா?

கேள்வி: தும்மலுக்குத் தினமும் செட்டிரிசின் போடுகிறேன். சாயங்காலம் ஆனாலே கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தால்தான் போனில் எழுத்து தெளிகிறது. மாத்திரைதான் காரணமா?

பதில் 1: இருக்கலாம். இந்த வகை மாத்திரைகள் மூக்கு ஒழுகலோடு கண்ணீர் சுரப்பையும் குறைக்கும். பிரிசர்வேட்டிவ் (கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாத செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து உதவும். சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்து மட்டும் வேண்டாம், தொடர்ந்து போட்டு நிறுத்தினால் சிவப்பு இன்னும் கூடும்.

பதில் 2: சரி, ஆனால் டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாற்றுங்கள். அப்புறம், கண்ணைப் பாதிக்கும் மருந்து இது மட்டும் இல்லை: ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது வலியே இல்லாமல் ஏறும்.

பதில் 3: இன்னொரு மருந்தும் உண்டு: காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் மாத்திரை சாப்பிடும்போது சிவப்பு, பச்சை நிறங்கள் மங்கினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.