காட்டைக் காக்கும் சட்டம், காட்டில் இருப்பவர்களைக் காக்குமா?

செங்காந்தள் கேட்டது:

2030க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் நாடுகள் ஒத்துக்கொண்டனவே, அதைப் படித்ததிலிருந்து ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருக்கிறது. கெடாமல் மிஞ்சியிருக்கும் காடுகள் பலவற்றில் பழங்குடிகள் காலங்காலமாக இருக்கிறார்கள். சரணாலயம், தேசியப் பூங்கா என்று பலகை நட்டுவிட்டு அவர்களைக் கிளப்பி விட்டதும் பல நாடுகளில் நடந்திருக்கிறது. அப்படியென்றால் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டம் யார் பக்கம்? பழங்குடிகள் உரிமைக்கான ஐ.நா. பிரகடனம் இருக்கிறது, அவர்கள் சம்மதிக்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நிஜமாகவே "வேண்டாம்" என்று சொல்லித் தடுத்துவிட முடியுமா?

வரப்போரம்:

உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி. 2007 பிரகடனத்துக்கு 144 நாடுகள் ஆதரவு, 4 எதிர்ப்பு. எதிர்த்த நால்வர் யார் தெரியுமா? அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பிற்பாடு நாலு பேரும் இறங்கி வந்தார்கள். ஆனாலும் அது பிரகடனம்தான், அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் மேல் வழக்குப் போட முடியாது. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டுமென்றால் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கை (1989) இருக்கிறது, அதை ஏற்றவை 24 நாடுகள்தான், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவில். அதிலும் சம்மதத்தை நோக்கமாக வைத்துக் கலந்துபேச வேண்டும் என்றுதான் பொதுவாக இருக்கிறதே தவிர, மறுத்தால் திட்டம் நின்றுவிடும் என்று இல்லை.

சுற்றுச்சூழல் ஒப்பந்தங்கள் இதைவிட நழுவல். 1992 உயிர்ப்பன்மை ஒப்பந்தத்தின் 8(ஜே) பிரிவு பழங்குடிகளின் அறிவையும் நடைமுறையையும் மதிக்கச் சொல்கிறது, ஆனால் தொடக்கத்திலேயே "உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு" என்று ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்தில் அவர்களுடைய உரிமை முகவுரையில் வருகிறது. நீங்கள் கேட்ட 30 விழுக்காட்டு இலக்கிலேயே அவர்களின் பாரம்பரிய நிலங்கள் மீதான உரிமையை மதிக்க வேண்டும் என்ற வரி இருக்கிறது, பாராட்டலாம், ஆனால் மான்ட்ரியலில் ஒத்துக்கொண்ட அந்தச் சட்டகமே நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

மூங்கில்துறை:

வரப்போரம் சொன்னது சரி, ஆனால் அவர் தேடியது பிரகடனத்துக்குள்ளும் ஒப்பந்தங்களுக்குள்ளும். சண்டை ஜெயித்த இடம் மனித உரிமை நீதிமன்றங்கள். தென் அமெரிக்க நாடான சுரினாமின் சரமாக்கா மக்கள் வழக்கைப் பாருங்கள் (2007). அவர்கள் நிலத்தில் மரம் வெட்டவும் தங்கம் எடுக்கவும் அரசு வெளியாருக்கு அனுமதி கொடுத்தது. சுரினாம் 169ஐ ஏற்காத நாடு. ஆனாலும் அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம், சாதாரணச் சொத்துரிமையை எடுத்துக்கொண்டு, பெரிய அளவில் பாதிக்கும் திட்டமென்றால் கலந்துபேசினால் மட்டும் போதாது, அவர்கள் இசைவைப் பெற்றே ஆக வேண்டும் என்றது. உங்கள் கேள்விக்குக் கிட்டத்தட்ட "முடியும்" என்று பதில் சொன்ன தீர்ப்பு இதுதான்.

காட்டைக் காட்டியே கிளப்பிவிட்ட வழக்கும் உண்டு. கென்யாவின் மாவ் காட்டில் ஒகியெக் மக்கள், மரங்களில் கூடு கட்டித் தொங்கவிட்டுத் தேன் எடுப்பவர்கள். 2009 அக்டோபரில் 30 நாளில் வெளியேறு என்று வனத்துறை நோட்டீஸ் கொடுத்தது, காரணம் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பாற்றுகிறோம். ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017இல் இதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, காடு அழிந்ததற்கு மற்றவர்களின் ஆக்கிரமிப்பும், அரசே குடியேற்றத்துக்காக வெட்டிக் கொடுத்த நிலமும், மரம் வெட்ட விட்ட அனுமதிகளும் காரணம், ஒகியெக் மக்களைக் காரணம் காட்ட ஆதாரம் இல்லை என்றது. 2022இல் 15 கோடி ஷில்லிங்குக்கு மேல் இழப்பீடும் தரச் சொன்னது.

கரிசல்:

அப்புறம் என்ன ஆச்சு என்பதையும் சொல்லுங்க. 2023 நவம்பரில் அதே மாவ் காட்டில் மறுபடியும் ஒகியெக் வீடுகளை இடித்தார்கள்.

ஏழை நாடு, நிர்வாகம் சரியில்லை என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் நார்வேயைப் பாருங்கள். 169ஐ முதலில் ஏற்ற நாடே அதுதான். ஃபோசன் பகுதியில் 151 காற்றாலைகளை நட்டார்கள். அந்த மேட்டுநிலம் அங்குள்ள பழங்குடியான சாமி இனத்தவரின் கலைமான்களுக்குக் குளிர்கால மேய்ச்சல், சுழலும் இறக்கைகள் பக்கம் அவை போகவே போகாது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் இது ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆம் பிரிவை, அதாவது சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டைப் பேணும் உரிமையை மீறியது, அனுமதி செல்லாது என்றார்கள். காற்றாலை நின்றதா? 2023இல் இளைஞர்கள் அமைச்சக வாசலை மறித்து உட்கார வேண்டியிருந்தது. கடைசியில் பணம், வேறு மேய்ச்சல் நிலம் என்று ஒப்பந்தம் போட்டு, காற்றாலைகள் இன்னும் சுற்றுகின்றன. பசுமை மின்சாரம் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடுகிறது, எனக்கு எரிச்சலே அதுதான்.

செங்காந்தள்:

கரிசல், நார்வே கதை தெரியாது, நன்றி. ஆசியாவுக்கு இந்த மாதிரி நீதிமன்றமே இல்லையே, அங்கே இருப்பவர்கள் எங்கே போவது?

மூங்கில்துறை:

கரிசல் சொன்ன குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கைக்கு, தனிநபர் புகாருக்கு வழிவிடும் விருப்ப நெறிமுறை ஒன்று உண்டு, நாடு அதை ஏற்றிருந்தால் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போகலாம். 2022இல் டாரஸ் நீரிணைத் தீவு மக்கள் அப்படித்தான் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வென்றார்கள், ஏறிவரும் கடலிலிருந்து தீவுகளைக் காக்க வேளையோடு எதுவும் செய்யவில்லை, அதனால் அவர்கள் பண்பாடே பாதிக்கப்படுகிறது என்று.

நெறிமுறையையும் ஏற்காத நாடு என்றால் காசு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகம் கடன் கொடுத்திருந்தால், கடன் வாங்குவோர் பழங்குடிகள் விஷயத்தில் கடைப்பிடிக்க வேண்டிய அதன் 7ஆம் செயல்தரம் இருக்கிறது. பாரம்பரிய நிலம் பாதிக்கப்பட்டாலோ ஆட்களை இடம் மாற்றினாலோ முன்கூட்டிய இசைவு வாங்கியிருக்க வேண்டும் என்கிறது. வாங்கவில்லையென்றால் பாதிக்கப்பட்டவர்களே அதன் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பு மாதிரி கனமானது இல்லைதான், ஆனால் கடன் தவணை நின்றுபோகுமோ என்ற பயத்தில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்துவிடுவார்கள்.